திருகோணமலையில பெரிய மீனுக்குத் தூண்டில் போடப் போன மூண்டு நாள்: எங்கட ரிவியூ

முதலே ஒண்டு சொல்லிடுறன், இதில போட்காரர்ட பேரும் நம்பரும் போடேல்ல. அந்த நானாவே தான் வேணாம் எண்டு கேட்டவர், அவரிட்ட இருக்கிறது ஒரே ஒரு போட், சீசன் நேரம் வாற ஆக்களையே சமாளிக்க ஏலாம இருக்கு, இன்னும் கூடினா வேலை கெட்டுப்போகும் எண்டார். ஆனா திருமலைக்குப் பெரிய மீன் பிடிக்க எண்டு வாற எங்கட ஆக்களுக்கு, முக்கியமா வெளிநாட்டில இருந்து லீவுக்கு வந்து ஒரு நாளுக்கு இவ்வளவு காசு குடுக்கிற ஆக்களுக்கு, போறதுக்கு முதல் என்ன கேக்கோணும் போட்டுக்குள்ள என்ன பாக்கோணும் எண்டு தமிழில ஆரும் வடிவா எழுதினத நான் காணேல்ல, அதால தான் இவ்வளவு நீளமா எழுதுறன்.

போன வருசம் நாங்க வேற ஒரு ஆக்களோட போய் நல்லா ஏமாந்தனாங்க. ஃபோனில கதைக்கேக்க ஜிடி (பெரிய பாரை மீன்) கட்டாயம் விழும், மயில் மீன் கட்டாயம் விழும், மீன் விழாட்டிக் காசே வேணாம் எண்டு சொன்னவை. போய்ப் பாத்தா காலமை ஏழரைக்குத் தான் வெளிக்கிட்டது, ஹோட்டல் கதிரையள் தெரியிற தூரத்தில நங்கூரத்தப் போட்டுட்டு கணவாய்த் துண்டக் கொழுவித் தந்து அடித் தூண்டில் விடச் சொல்லிச்சினம், விழுந்தது உள்ளங்கை அளவு விளைமீன் நாலு. பின்னேரம் மீன் விழுந்தது தானே எண்டு முழுக் காசும் எடுத்தாச்சு. அது கூடப் பறவாயில்ல, நடுவில புறாமலைப் பக்கம் கொண்டுபோய் விடட்டா, அங்க பெருசு நிக்கும் எண்டு கேட்டவை. புறாமலை 2003 இல இருந்து தேசியப் பூங்கா, அங்க தூண்டில் போடுறது சட்டப்படி பிழை, அது இவைக்குத் தெரியாம இல்ல. நான் மாட்டன் எண்டு சொல்லி அதோட கரைக்கு வந்திட்டம்.

இந்த முறை மே மாசம் மூண்டாம் கிழமை. நாலு பேர் போனம். நான், என்ட மாமா, கனடாவில இருந்து வந்த அவர்ட மகன், அதாவது என்ட மச்சான், அவன்ட மனிசி. மாமாக்கு அறுபத்தாறு வயசு, திருக்கடலூர் ஆள், சின்னனில தன்ட அப்பாவோட கரைவலை இழுத்தவர், பேந்து வள்ளம், பேந்து இருபத்தஞ்சு குதிரை மெசின் பூட்டின ஃபைபர் போட். அவரக் கூட்டிக்கொண்டு போனதுக்குக் காரணம் இருக்கு, அத பிறகு சொல்றன்.

நானா கிண்ணியா ஆள். முதல் தரம் ஃபோன் எடுத்த உடன மீன் விழுமா எண்டு தான் நான் கேட்டன். "மீன் வரும்னு நான் சொல்ல ஏலா தம்பி, தண்ணி நீலமா இருந்தா போவம், இல்லாட்டி வீட்ட இருப்பம்" எண்டார். பேந்து அவர் தான் என்னக் கேட்டவர்: ஆர் ஆர் வாறீங்க, வயசு என்ன, பிரஷர் சுகர் ஆருக்கும் இருக்கா, நீந்தத் தெரியுமா, போட்டில போனா வயித்தப் பிரட்டுற ஆள் ஆரும் இருக்கா. பத்து நிமிசம் கேள்வி. அந்த இடத்திலயே இந்த ஆளோட தான் போறது எண்டு நான் முடிவெடுத்திட்டன். மீனுக்கு உத்தரவாதம் தாற ஆளிட்ட கடல்ட நிலைமை என்ன எண்டு கேட்டா பதில் வராது, போன வருசம் அத நான் அனுபவிச்சனான்.

காசு விசயம். முழு நாளுக்கு 95,000 ரூபா, போட்டுக்குத் தான் கணக்கு, ஆளுக்கு இல்ல, நாலு பேர் மட்டும். அரை நாள் 55,000. பெற்றோல், தூண்டில் சாமான், தண்ணி, காலைச் சாப்பாடு எல்லாம் அதுக்குள்ள. பொப்பர் (எறிஞ்சு இழுக்கிற கட்டைப் போலி இரை) ஒண்டு அறுந்து போனா அதுக்கு வேறயாக் காசு, அதையும் முதலே சொல்லிப்போட்டார். முற்பணம் கால்வாசி. எங்கட ஊர்க் கணக்கில இது பெரிய காசு தான், நான் மறைக்கேல்ல, நாங்க நாலு பேரும் பங்கு போட்டதால தான் ஏலுமா இருந்திச்சு.

ஏன் திருமலை எண்டு கேக்கிற ஆக்களுக்கு. கொட்டியாரக் குடாவுக்க மகாவலி வந்து விழுற பக்கத்தில இருந்தே கடலுக்கு அடியில ஒரு பெரிய பள்ளத்தாக்கு வெளிக்கிட்டு ஆழ்கடலுக்கு ஓடுது. மற்ற இடங்கள்ல பெரிய மீன் திரியிற ஆழத் தண்ணிக்குப் போக மணித்தியாலக் கணக்கா ஓடோணும், இஞ்ச கோணேசர் மலை வடிவாத் தெரியிற தூரத்திலயே ஃபிஷ் ஃபைண்டரில (ஆழமும் மீனும் காட்டுற கருவி) கடல்ட அடி காணாமப் போயிடும். திமிங்கிலம் பாக்கிற ஆக்கள் திருமலைக்கு வாறதும் இதால தான். மார்ச்சில இருந்து மே வரைக்கும் தண்ணி நல்லா இருக்கும், பேந்து சோளகம் (தென்மேல் பருவக்காத்து) தொடங்கினா திருமலைப் பக்கம் கச்சான் காத்தா வந்து பின்னேரத்தில அடிக்கும், காலமை மட்டும் போய் வரலாம். ஒக்டோபருக்குப் பிறகு வாடை, அந்த நேரம் ஆரும் போட் தாறன் எண்டு சொன்னா அவரோட கதைக்கவே வேணாம்.

போட் இருபத்தாறு அடி, ரெண்டு மெசின், ரெண்டும் ஃபோர் ஸ்ட்ரோக். ரெண்டு மெசின் எண்டத நான் முக்கியமாச் சொல்றன், அவ்வளவு வெளியால போய் ஒண்டு நிண்டா மற்றதில வரலாம். ரேடியோ இருக்கு, ஜிபிஎஸ் இருக்கு, லைஃப் ஜாக்கெட் எல்லாருக்கும் இருக்கு, போடாம மெசின ஸ்டார்ட் பண்ணமாட்டார். நிழலுக்குச் சின்னக் கூரை, அதுக்குக் கீழ மூண்டு பேர் தான் நெருங்கி இருக்கலாம். கக்கூஸ் இல்ல. இது பெரிய குறை. மச்சாள் முதல் நாள் முழுக்கத் தண்ணி குடிக்காம இருந்தவ, அந்த வெயிலுக்க அப்பிடி இருக்கிறது சரியான ஆபத்து. ரெண்டாம் நாள் நானாட மனிசிக்கு விசயம் தெரிஞ்சு ஒரு மடக்குக் கக்கூசும் சுத்தி மறைக்கத் துணியும் குடுத்துவிட்டவ. பொம்பிளையள் போறதெண்டா முதலே கேட்டு ஏற்பாடு செய்யுங்க, இத நானாக்கும் முகத்துக்கு நேர சொன்னன், அடுத்த சீசனுக்கு நிரந்தரமாப் பூட்டுறன் எண்டவர்.

முதல் நாள் காலமை நாலரைக்குக் கடற்கரை. இருட்டு. நானாவும் அவரோட வேலை செய்யிற பெடியனும் எங்களுக்கு முதலே வந்து போட்ட இறக்கி வச்சிருந்தவை. பெடியன் சம்பூர்ப் பக்கம், இருபத்துரெண்டு வயசு இருக்கும், கதை குறைவு, கை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். கோணேசர் மலைக்கு நேர வரேக்க மாமா எழும்பி நிண்டு கும்பிட்டார், நானா மெசினக் குறைச்சு விட்டவர். ஒருத்தரும் அவரக் கேக்கேல்ல, அவரா குறைச்சவர்.

இப்ப மாமா விசயம். அவர் கடலில போன காலம் முழுக்க அரைவாசிக்கு மேல சண்டைக் காலம். பாஸ் எடுத்து, நேவி விட்ட நேரத்துக்க, விட்ட தூரத்துக்க தான் தொழில். இரவில போக ஏலாது. வெளியால பெருசு திரியுது எண்டு அவர்ட அப்பா சொல்லித் தெரியும், அந்த நீலத் தண்ணி எங்க தொடங்குது எண்டும் தெரியும், ஆனா ஓடிப் போற வயசில போக விடேல்ல, போகலாம் எண்டு வந்த நேரம் முதுகு நோ வந்து தொழில விட்டிட்டார். நாப்பது வருசம் கடலில நிண்ட மனுசன், தன்ட ஊருக்கு முன்னால இருக்கிற பெரிய தண்ணிய வடிவாப் பாக்கேல்ல. அதால தான் மச்சான் இந்த ட்ரிப்புக்குக் காசு சேத்தவன். பச்சைத் தண்ணி முடிஞ்சு கடும் நீலம் தொடங்குற இடத்தில, அது ஒரு கோடு கீறின மாதிரி தெரியும், மாமா கைய விட்டுத் தண்ணிய அள்ளிப் பாத்துக்கொண்டே இருந்தவர். கரையில ரெண்டு அடையாளத்த ஒரு நேரில வச்சுப் பார், அதாவது தண்ணிக்கு அடியில இருக்கிற கல்லு, எங்க எண்டு பிடிக்கிற கணக்க அவர் நானாக்குச் சொல்ல, நானா அத ஜிபிஎஸ்ஸில ஒத்துப் பாத்து, "அண்ணன் சொல்ற இடத்தில கல்லு இருக்கு, மெய் தான்" எண்டு அந்த இடத்த சேவ் பண்ணினார்.

ட்ரோலிங் எண்டா தெரியாத ஆக்களுக்கு, போட் மெல்ல ஓடிக்கொண்டிருக்க பின்னால அஞ்சு தூண்டில வேற வேற தூரத்தில இழுத்துக்கொண்டு போறது. ரெண்டு பக்கமும் நீளத் தடி நீட்டி அதில லைன விரிச்சு விடுவினம், ஒண்டோட ஒண்டு சிக்காது. நானா ரெண்டில ரப்பர் பாவாடை கட்டின லூர் (போலி இரை), மூண்டில முரல் மீன வடிவாத் தைச்சுக் கட்டி சேர்க்கிள் ஹூக். சேர்க்கிள் ஹூக் எண்டா முனை உள்பக்கம் வளைஞ்ச தூண்டில், மீன்ட வயித்துக்க போகாம வாய் மூலையில தான் கொழுவும், விடப்போற மீனுக்கு அது தான் சரி. ஏழு மணிக்கு முதல் ஒரு அறக்குளா, அஞ்சு கிலோ வரும், அத வச்சிட்டம். பேந்து ரெண்டு மணித்தியாலம் ஒண்டும் இல்ல. ஒண்டும் இல்ல எண்டா வெயில், மெசின் சத்தம், பெற்றோல் மணம். பெரிய மீன் பிடிக்கிறது எண்டா அது தான், பத்து மணித்தியாலத்தில ஒம்பதரை மணித்தியாலம் தண்ணியப் பாத்துக்கொண்டு இருக்கோணும், அது சரிவராத ஆக்கள் அந்தக் காசில வேற என்னவும் செய்யுங்க.

ஒம்பதரை போல கிழக்கால ஒரு மூச்சு எழும்பிச்சு, தென்னை மரம் உயரத்துக்கு. நீலத் திமிங்கிலம். நானா உடன தூண்டில் எல்லாத்தையும் ஏத்தச் சொல்லி மெசின நியூட்ரலில விட்டிட்டார். கிட்டப் போவமா எண்டு மச்சான் கேக்க, நூறு மீட்டருக்குக் கிட்டப் போக ஏலாது, சட்டம், அதோட அது சாப்பிட வந்திருக்கு, நாங்களும் அப்பிடித் தானே எண்டார். மூண்டு தரம் முதுகு காட்டி, நாலாம் தரம் வாலத் தூக்கிக்கொண்டு கீழ போச்சு. காசு குடுத்த நேரத்தில இருபத்தஞ்சு நிமிசம் தூண்டில் தண்ணிக்க இல்லாம இருந்தம், அதுக்கு எங்கள்ல ஒருத்தருக்கும் கவலை இல்ல.

பத்தரைக்கு மயில் மீன். சந்தையில தளபத்து எண்டு வெட்டி விக்கிற அதே மீன் தான், ஆனா உயிரோட தண்ணியில பாத்தா அதே மீன் எண்டு நம்ப ஏலாது. முதல் லூருக்குப் பின்னால கறுப்பா ஒரு நிழல், பேந்து செட்டை வெளியால வந்து விரிஞ்சுது, ஊசி மூக்கால லூர ரெண்டு தரம் தட்டிச்சு, விட்டிட்டுப் போயிட்டுது. ஒருத்தரும் மூச்சு விடேல்ல. நானா அணியத்த, போட்ட முன்பக்கத்த, பாத்தபடியே திரும்பாம "இடது முரல், இடது முரல், விடு விடு" எண்டார், அவர் எப்பிடிக் கண்டார் எண்டு இப்பவும் எனக்கு விளங்கேல்ல. பெடியன் ரீல லூசாக்கி, மீன் முரல வாயில எடுத்துத் திரும்பிறதுக்கு நாலு அஞ்சு செக்கன் நேரம் குடுத்து, பேந்து லீவர மெல்ல மேல தள்ளினவன். தடி வளைஞ்சுது. அத அப்பிடியே கொண்டந்து மாமாட கையில குடுத்தவன், அது நாங்க முதல் இரவே பேசி வச்ச விசயம், முதல் பெருசு மாமாக்கு.

மயில் மீன் மணிக்கு 110 கிலோமீட்டர் ஓடும் எண்டு எல்லா இடமும் எழுதியிருக்கும், இப்ப மீன்ட வேகத்த நேராவே அளந்து பாத்த ஆக்கள் அதில மூண்டில ஒரு பங்கு அளவு தான் எண்டு சொல்லினம். அந்த மூண்டில ஒரு பங்கே போதும். இருநூறு மீட்டர் லைன் ஒரு மூச்சில போச்சு. மீன் தண்ணிக்கு மேல வாலால நடக்குது, இந்தப் பக்கம் ஒருக்கா, அந்தப் பக்கம் ஒருக்கா, ஏழு எட்டுத் தரம் பாய்ஞ்சிருக்கும். மாமா கங்கணம் கட்டின மாதிரி ஒரு வார்த்தை பேசாம நிண்டார். அவருக்கு றீல் பழக்கமில்ல, வாழ்நாள் முழுக்கத் தங்கூசிய (நைலோன் நூல) கையால இழுத்த ஆள், அதால முதல் பத்து நிமிசம் இடது கையால லைனையும் பிடிக்கப் பாத்தவர், பெடியன் பக்கத்தில நிண்டு மெல்ல மெல்லக் கைய எடுத்து விட்டவன், "விடுங்க ஐயா, றீல் பாக்கும்" எண்டு. இருபத்தஞ்சு நிமிசத்தில மீன் போட்டுக்குப் பக்கத்தில. ஊதா, நீலம், பொன் நிறம் எல்லாம் மாறி மாறி மின்னிக்கொண்டு. பெடியன் குனிஞ்சு லீடர, அதாவது தூண்டிலோட சேத்துக் கட்டுற தடிச்ச தங்கூசித் துண்ட, பிடிச்சான். பிடிச்ச அந்த நொடி லீடர் அறுந்து போச்சு.

இதில தான் என்ட பெரிய குறை. அந்த லீடர் காலமை அறக்குளா கடிச்ச அதே லீடர். அறக்குளாட பல்லு தங்கூசியத் தொட்டாலே வெட்டு விழும். மீன ஏத்தின நேரமே மாமா லீடர விரலால தடவிப் பாத்து, "தம்பி இது சொரசொரக்குது, மாத்துங்க" எண்டு சொன்னவர், அது தாங்கும் ஐயா எண்டு பெடியன் திருப்பிப் போட்டிட்டான், நானா அந்த நேரம் மெசினில நிண்டவர், கவனிக்கேல்ல. வெளிநாட்டுப் போட்டியள்ல லீடரத் தொட்டாலே பிடிச்ச கணக்குத் தான், நாங்களும் விடுறதுக்குத் தான் இருந்தம், ஆனா தூண்டிலக் கழட்டி, அதத் தண்ணியில பிடிச்சு மெல்ல இழுத்து மூச்சு வரப்பண்ணி விடுறதுக்கும், வாயில தூண்டிலோடயும் ஒரு முழம் லைனோடயும் ஓட விடுறதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு. ஒரு நாளுக்கு 95,000 வாங்குற இடத்தில ஒவ்வொரு கடிக்குப் பிறகும் லீடர் மாத்தோணும், அதில சமாதானம் சொல்ல ஒண்டுமில்ல. நான் கோவமாத் தான் கதைச்சன். நானா பெடியன ஏசேல்ல, எங்களுக்குக் காரணமும் சொல்லேல்ல, "என்ட பிழை, நான் பாத்திருக்கணும்" எண்டு மாமாட்ட நேராச் சொன்னார். மாமா கன நேரம் தண்ணியப் பாத்துக்கொண்டு இருந்திட்டு, "கண்ணால கண்டிட்டன் தம்பி" எண்டு மட்டும் சொன்னவர்.

அண்டைக்கு வேற பெருசு இல்ல. சூரை ஏழு எட்டு, எல்லாம் ரெண்டு மூண்டு கிலோ. மத்தியானம் இடியப்பம், சம்பல், சொதி, வாழையிலையில கட்டின பார்சல், நானாட வீட்டில சமைச்சது, அத விட நல்ல சாப்பாடு அந்த மூண்டு நாளும் நாங்க தங்கின இடத்தில கிடைக்கேல்ல. இரவைக்கு அந்த அறக்குளாவ மாமா தானே வெட்டிக் குழம்பு வச்சவர்.

ரெண்டாம் நாள் காலமை போட்டுக்கு வந்தா ஒவ்வொரு தடியிலயும் புது லீடர், பெடியன் இரவிரவா இருந்து கட்டியிருக்கிறான், முடிச்சு ஒவ்வொண்டையும் மாமாட்டக் குடுத்து இழுத்துப் பாக்கச் சொன்னவன். இத நான் குறையோட சேத்தே எழுதோணும், இல்லாட்டி அநியாயம்.

அண்டைக்கு வடக்கால, குச்சவெளிக்கும் அங்கால இருக்கிற பாரில பொப்பிங். இது வேற விளையாட்டு. கெளிறு, விளைமீன் பிடிக்கிற பொறுமை இதுக்கு உதவாது, தோள் வேணும். நூத்தம்பது கிராம் வரும் ஒரு கட்டை, வாய் குழிஞ்சு இருக்கும், அத எவ்வளவு தூரம் ஏலுமோ எறிஞ்சு, வெட்டி வெட்டி இழுக்கிற நேரம் தண்ணியில டொபுக் டொபுக் எண்டு சத்தம் வரும். பாறையில நிக்கிற ஜிடி, எங்கட ஆக்கள் பாரை எண்டு சொல்ற வகையள்ல ஆகப் பெருசு, அந்தச் சத்தத்துக்கு மேல வந்து அடிக்கும். உலக சாதனை 2006 இல ஜப்பானில பிடிச்ச 72.8 கிலோ. அது அடிச்ச உடன நேரக் கல்லுக்க தான் ஓடும், முதல் பத்து செக்கனில நிப்பாட்டாட்டி லைன் பாரில உரசி அறுந்திடும், அதால ட்ராக் (றீல்ட பிரேக்) இறுக்கித் தான் வைப்பினம், தடியோட ஆள் தண்ணிக்க போகாம இருக்க இடுப்புப் பெல்ட்டும் பின்னால ஒரு ஆளும் வேணும்.

மச்சான் நூறு தரம் எறிஞ்சிருப்பான். கையில கொப்புளம். ஒரு கட்டா மட்டும் வந்திச்சு, நாலு கிலோ, வெள்ளி மாதிரி. ஒரு தரம் பெரிய அடி ஒண்டு விழுந்து, தடி போட் விளிம்பில இடிச்சு, மூண்டு செக்கனில லைன் சும்மா ஆயிட்டுது. கல்லு. அந்த பொப்பருக்குக் காசு குடுத்தம். பேந்து மச்சாள் தான் தாவன் எண்டு வாங்கினவ. அவ அஞ்சடி தான், தடி அவவ விட நீளம். நானா அவவுக்கு மட்டும் கொஞ்சம் பாரம் குறைஞ்ச தடியும் ஸ்டிக்பெய்ட் எண்ட வாய் குழியாத கட்டையும் மாத்திக் குடுத்து, தூரத்துக்கு எறிய வேணாம் தங்கச்சி, அந்த வெள்ளை நுரை விழுற இடத்துக்குப் பக்கத்தில மட்டும் போடுங்க எண்டவர். பதினஞ்சாவதோ பதினாறாவதோ தரம், தண்ணி வெடிச்ச மாதிரி ஒரு சத்தம். பெடியன் அவட பெல்ட்டப் பிடிக்க, நானா போட்டப் பின்னால எடுத்து மீனப் பாரில இருந்து வெளியால இழுத்தவர், அது தான் ஸ்கிப்பர்ட திறமை, தூண்டில் பிடிக்கிற ஆள் அரைவாசி, போட் ஓட்டுற ஆள் அரைவாசி. பன்னெண்டு நிமிசம். இருபது கிலோவுக்குக் கொஞ்சம் குறைய எண்டு நானா கணக்குச் சொன்னவர், தராசில தூக்கேல்ல, செவுளுக்க கொழுவித் தூக்கினா மீனுக்குக் காயம். ஈரத் துணி விரிச்சு, ரெண்டு ஃபோட்டோ, அவ்வளவு தான், உடன தண்ணியில தலையக் கீழ்ப்பக்கமா விட்டவை, ஒரு வீச்சில போச்சு. அவ அழுதவ, சந்தோசத்தில. தூண்டில்ல எதிர்முள்ளு எல்லாம் குறட்டால நசுக்கி வச்சிருந்ததால ஒரு நொடியில கழண்டது, இதுவும் நீங்க போற போட்டில பாக்க வேண்டிய விசயம்.

இதச் சாப்பிடாம விடுறது என்னத்துக்கு எண்டு ஊரில கேட்ட ஆக்கள் நிறையப் பேர். என்ட எண்ணம், சூரை, அறக்குளா, கட்டா எல்லாம் தேவையான அளவு கொண்டு போங்க, அது எங்கட சாப்பாடு, ஆனா அவ்வளவு பெரிய பாரை அந்த அளவுக்கு வளர எத்தின வருசம் ஒரு கல்லில நிண்டிருக்கும், ரெண்டு மூண்டு பேர் தொடர்ந்து கொண்டுபோனா அந்தப் பார் வெறும் பார் தான். நானா இந்த விசயத்தில கறார், ஜிடியும் மயில் மீனும் வச்சிருக்கோணும் எண்டு கேக்கிற ஆக்கள ஏத்திறேல்ல. சுறா விழுந்தாலும் போட்டுக்குப் பக்கத்திலயே அறுத்து விட்டிடுவார், வால் நீண்ட த்ரெஷர் சுறா வகையள், திமிங்கிலச் சுறா எண்டு பிடிக்கவே கூடாததும் இருக்கு, எது எது எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறத விட விட்டிடுறது நல்லம் எண்டவர்.

மூண்டாம் நாள் குறுகச் சொல்றன். திரும்ப வெளியால போய் மார்லின் (மயில் மீன் மாதிரி ஊசி மூக்குப் பெரிய மீன்) தேடுற எண்ணம். ஏழு மணிக்கே கச்சான் எழும்பிட்டுது, நீலத் தண்ணிக்குப் போக முதலே அலை உச்சியெல்லாம் வெள்ளையா உடையுது. மச்சான் இன்னும் கொஞ்சம் போய்ப் பாப்பம் எண்டான், அடுத்த கிழமை அவனுக்கு ஃப்ளைட். நானா மாமாவத் தான் பாத்தவர். மாமா தலைய ஆட்டினார். திருப்பிட்டம். எட்டரைக்குக் கரை. முழுக் காசும் அவருக்குக் குடுக்க வேண்டியது எண்டு தான் நான் நினைச்சன், நாங்க பெற்றோல் எரிச்சு அவ்வளவு தூரம் போனனாங்க தானே, அவர் பெற்றோல் காசு மட்டும் எடுத்திட்டு மிச்சத்த முழுக்கத் திருப்பித் தந்தவர். அண்டைக்கு மத்தியானம் காத்து அடிச்ச விதத்தப் பாத்த பிறகு மச்சானும் ஒண்டும் கதைக்கேல்ல.

போற ஆக்களுக்கு இன்னும் ரெண்டொரு விசயம். கடல் மயக்கக் குளிசை போடுறதெண்டா முதல் நாள் இரவே ஒண்டு போடுங்க, பிரட்டத் தொடங்கின பிறகு போட்டு வேலையில்ல. முழுக்கைச் சட்டை, முகம் மறைக்கிற துணி, போலரைஸ்ட் கண்ணாடி, அந்தக் கண்ணாடி இல்லாட்டி லூருக்குப் பின்னால வாற மீனக் காணவே மாட்டீங்க. கையுறை நானாட்ட இருக்கு, ஆனா நனைஞ்சு பழசு, உங்கட கொண்டுபோங்க. எட்டு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளையள முழு நாள் ட்ரிப்புக்குக் கூட்டிக்கொண்டு போக வேணாம், துறைமுகத்துக்க அரை நாள் சீலாவும் சின்னப் பாரையும் பிடிக்கிற ட்ரிப் இருக்கு, அது அவைக்குக் காணும். ஒரே ஒரு நாள் மட்டும் போய்ப் பெருசு பிடிக்கலாம் எண்டு நினைச்சு வராதீங்க, ஆகக் குறைஞ்சது மூண்டு நாள் எடுங்க, அதில ஒரு நாள் காத்துக்குப் போகும் எண்டு கணக்கு வையுங்க.

அஞ்சில நாலு குடுக்கிறன். அந்த லீடருக்கும் கக்கூசுக்கும் ஒண்டக் குறைச்சிட்டன்.

அடுத்த வருசம் ஏப்ரல் முதல் கிழமைக்கு முற்பணம் அனுப்பியாச்சு. மாமா இப்ப வீட்டில விறாந்தையில இருந்து புது முடிச்சுப் பழகுறார், பெடியன் ஃபோனில வீடியோ எடுத்து அனுப்பினது, பின்னின லைனையும் தங்கூசியையும் சேத்துப் போடுற எஃப்ஜி முடிச்சு, கட்டினத எனக்கு அனுப்பி இழுத்துப் பாக்கச் சொல்றார். லீடர் எல்லாம் தான் தான் கட்டிக்கொண்டு வருவன் எண்டு நானாட்டயும் சொல்லியாச்சு. மார்ச் கடைசியில திருமலையில ஆரும் வெளியால போறதெண்டா தண்ணி எந்த இடத்தில நீலமாகுது எண்டு ஒருக்கா எழுதுங்க, மாமா கேட்டுக்கொண்டே இருப்பார்.